என் மனைவியின் மணிக்கட்டு வலி

என் உடம்பில் யாரையும் கத்தி வைக்க விடுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். முப்பது வருடம் துணி வெட்டியவனின் தீர்மானம் அது. வெட்டுவதற்கு முன் நூறு தடவை அளக்கலாம். வெட்டிய பிறகு ஒரு தடவைகூட அழித்து எழுத முடியாது. தையற்காரனுக்கு இது தெரியும். டாக்டருக்குத் தெரியுமா?

எட்டு மாதமாக என் வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. கையில் கத்தரி இருக்கிறதா என்று கண்ணால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு தடவை பக்கத்து வீட்டு வக்கீலுக்குச் சட்டை வெட்டினேன். காலர் ஒரு பக்கம் ஒழுங்காகப் படுத்தது. மறுபக்கம் ஆட்சேபணை சொல்வதுபோல் எழுந்து நின்றது. "இப்போ இதுதான் சார் ஃபேஷன்" என்றேன். பாவம், நம்பினார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. கை போனால் கடை போயிற்று. கடை போனால் நான் யார்?

மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுநிமிடம் ஆஸ்பத்திரிதான். நான் கோழையா? இந்தக் கேள்வியை என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். பதில் வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, எனக்கு விரல் மரத்துப் போகுதுங்க."

"எந்த விரல்?"

"கட்டைவிரலும் பக்கத்துல ரெண்டும்."

என் வியாதி! ஒரு விரல் கூடக் குறையாமல்!

"மணிக்கட்டுல இருக்கிற நரம்பை ஒரு பட்டை அழுத்துதாம். ஊசி ஓட்டை மாதிரி போட்டு அந்தப் பட்டையை அறுத்து விடுவாங்களாம். எனக்குப் பயமா இருக்கு. நான் போகமாட்டேன்."

அடுத்தவர் கை என்றதும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு வீரம்!

"உனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரியில படுக்கவே வேணாம். டாக்டர் ரூம்லயே உக்காரவச்சு முடிச்சிடுவாங்க. கைக்கு மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. ஸ்கேன்ல நரம்பைப் பாத்துக்கிட்டே பண்றாங்க. தையல் கிடையாது. இருபது நிமிஷம்!"

"இவ்வளவு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல வந்துச்சு."

"அப்படியே விட்டா?"

"விட்டா கட்டைவிரல் சதை வத்திப்போயிடும். அப்புறம் அறுத்தாலும் பலன் குறைவுதான்." சொல்லிக்கொண்டே என் கட்டைவிரலை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"அப்போ இதுக்குப் பயப்படுறவங்க முட்டாள்ங்கறீங்க?"

"வடிகட்டின முட்டாள்!"

"சரி. நீங்க துணைக்கு வந்தா வரேன்."

மறுநாள் டாக்டர் அறை. ஒரு நாற்காலி, கையை நீட்டி வைக்க ஒரு பலகை, பக்கத்தில் ஸ்கேன் திரை. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மனைவி நாற்காலி வரைக்கும் போனாள். நின்றுவிட்டாள்.

"டாக்டர், முதல்ல இவர் கையைத் திரையில காட்டுங்களேன். நல்ல கை எப்படி இருக்கும்னு பாத்துக்கிறேன்."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன்.

டாக்டர் என் மணிக்கட்டில் கருவியை உருட்டினார். "சார், இது நல்ல கை இல்லையே! நரம்பு பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா இன்னைக்கே முடிச்சிடலாம்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அவரு பயப்பட மாட்டாரு டாக்டர். பயப்படுறவங்க வடிகட்டின முட்டாள்னு நேத்துகூடச் சொன்னாரு."

தலை என்னைக் கேட்காமலே ஆடியது.

ஊசி குத்தியது. அதற்கப்புறம் வலி இல்லை. கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். தொழில் புத்தி விடவில்லை, திரையைப் பார்த்தேன். நூல் கனத்தில் ஒரு கத்தி பட்டைக்கு அடியில் போய் நின்றது. நரம்பை விட்டு விலகி, நிதானமாக, ஒரே இழுப்பு. பிசிறு இல்லை. அந்தப் பெண்ணை என் கடையில் கட்டிங் மாஸ்டராகவே வைத்துக்கொள்ளலாம்.

"இப்போ உன் முறை" என்று எழுந்தேன்.

"எனக்கென்ன? என் கை நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

மேசைமேல் இருந்த சீட்டைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்பே பதிவு செய்தது. என் பெயரில்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தூக்கத்துல அந்த மூணு விரலைத்தான் பிடிச்சு உதறுறீங்க. எட்டு மாசத்துல பதினோரு கண்ணாடி டம்ளர் வேற உடைஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் பூனையைக் கைகாட்டினீங்க. நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?"

அடுத்த வாரம் கடையில் ஒரு பருத்தித் துணியை விரலால் நெருடினேன். இழை இழையாகத் தெரிந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டேன். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிப் போயிருந்தது. அன்றே வக்கீலைக் கூப்பிட்டு அந்தச் சட்டைக்கு வேறு காலர் வைத்துக் கொடுத்தேன்.

இடது கையிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடும்பத் தலைவன் என்று ஒருவன் இருக்கிறான் அல்லவா? மனைவியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன்.

"இந்தக் கை விஷயத்தை நான்தான் யோசிச்சு முடிவு பண்ணுவேன்."

"தாராளமா" என்றாள். "எனக்கு இடது கை எந்தத் தேதியில வலிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."