போடிக்கு ரயில் விட்ட ஈஸ்வரபாண்டி

‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இந்த இனத்துக்குக் கிடையாது. அடையாளம் ஒன்றுதான்: எந்தக் காரியத்தைத் தொடங்கப் போனாலும் அதற்கு வேண்டிய சாமானில் ஒன்று குறையும். அந்த ஒன்றை வாங்கிவிட்டால்? வேறொன்று குறையும்.

இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான ஒருவரைப் பார்க்க ஆசைப்பட்டால் தேனியை ஒட்டியுள்ள பழனிசெட்டிபட்டிக்கு வந்து ஈஸ்வரபாண்டி வீட்டைக் கேளுங்கள். “கம்ப்யூட்டருக்கு ஏ.சி. போட்டாரே, அவரா?” என்று வழி காட்டுவார்கள்.

ஈஸ்வரபாண்டிக்கு ஐம்பத்தோரு வயது. வைகை அணையில் அலுவலக வேலை. காலையில் போனதும் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக எழுதுகிறார். மகள் யுவராணி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது தன் அறையையும் பழைய கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒருநாள் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார் மனிதர். யாரோ ஒரு புண்ணியவான் மதுரையிலிருந்து போடி வரைக்கும் தண்டவாளம், ஸ்டேஷன், புளியமரம், கரடு, கணவாய் எல்லாவற்றையும் அப்படியே வரைந்து இலவசமாகப் போட்டுவைத்திருந்தார். எஞ்சின் டிரைவரின் இடத்தில் நாம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஈஸ்வரபாண்டி உட்கார்ந்தார். மதுரையை விட்டுக் கிளம்பி உசிலம்பட்டி வரைக்கும் ராஜாவைப் போல வந்தார்.

ஆண்டிபட்டிக் கணவாயில்தான் வினை வந்தது. இரண்டு பக்கமும் மலை நெருங்கியதும் ரயில் திக்க ஆரம்பித்தது. மலை நின்றது. பிறகு ஒரு குதி குதித்தது. எஞ்சின் ஊதியது முதலிலும் ஊதுகிற பட்டனை அவர் அமுக்கியது பிறகுமாக நடந்ததைப் போல அவருக்கே ஒரு குழப்பம்.

தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சகாய பிரவீனிடம் போனார். முப்பது வயதுக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன், ஆபத்தே அங்கேதான். பார்த்துவிட்டு, ரேம் பத்தாது சார் என்றான். ரேம் போட்டார். கணவாய் கொஞ்சம் இளகியது, ஆனால் ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் வண்டி மூச்சுப் பிடித்து நின்றதால் எஸ்.எஸ்.டி. என்ற வேக டிஸ்க் போட்டார், ஸ்டேஷன் சரியானதும் மரங்களின் நிழல் கண்ணில் உறுத்தி, கிராபிக்ஸ் கார்டு போட்டார், கார்டு நீளமாக இருந்து பழைய பெட்டிக்குள் நுழையாததால் பெட்டியை மாற்றினார், புதுப்பெட்டியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்றிவந்ததைப் பார்த்து அவர் மனைவி கிருபாவதி முதல் நாள் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கார்டு கேட்ட கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை ஈடுகொடுக்காமல் அதையும் மாற்றி, அதனால் சூடு கூடி நாலு ஃபேன் மாட்டி, ஃபேனும் பத்தாமல் கடைசியில் அறைக்கே ஏ.சி. போட்டார். பெற்ற மகள் ஆறு வருடம் புழுங்கிப் படித்த அறை அது.

இதிலெல்லாம் ரயில் எங்கே போனது என்கிறீர்களா? ஆண்டிபட்டிதான். ஒவ்வொரு சாமான் மாட்டிய பிறகும் உசிலம்பட்டியிலிருந்து வந்து கணவாயைச் சோதிப்பார். திக்கினால் எழுந்துவிடுவார், திக்காவிட்டாலும் நம்ப முடியாமல் திரும்ப உசிலம்பட்டிக்கே போய்விடுவார். ஒரு வருடம் முடிந்தும் தன் சொந்த ஊர் ஸ்டேஷன் அந்த விளையாட்டில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பிரவீன் செய்த ஒரே பாவம், திரையின் மேல்மூலையில் ஒரு நம்பரை ஓடவிட்டது. நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு அது. அறுபது இருந்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், முப்பதுக்குக் கீழே போனால் திக்கும் என்று விளக்கினான். நீர்மட்டம் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது போதாதா? அன்றிலிருந்து ஈஸ்வரபாண்டி தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. மூலையைத்தான் பார்த்தார்.

சாப்பாட்டில் கைவைத்தபடி ஒருநாள், “இன்னைக்கு நாப்பத்தெட்டுதான்” என்று பெருமூச்சு விட்டார்.

“அணையிலயா?” என்றார் கிருபாவதி.

“கம்ப்யூட்டர்ல.”

கிருபாவதி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் மனதில் ஒரு முடிவு எடுத்திருந்தார். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் அவர் தம்பி விஜய்ராஜ் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் ஹெல்மெட்டை எடுத்துக் கணவர் கையில் கொடுக்கும்போது அமைதியாகச் சொன்னார்:

“வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒங்க ரயிலு போடி போய்ச் சேரலேன்னா, இந்தப் பொட்டி வடுகபட்டி போய்ச் சேந்துரும். தம்பிகிட்டச் சொல்லிட்டேன்.”

கிருபாவதி கோபமாகச் சொன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அமைதியாகச் சொன்னால் நடக்கும். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஈஸ்வரபாண்டி இதைத் தெளிவாகக் கற்றிருந்தார். சாயங்காலம் பிரவீன் கடையில் நின்றார். முன்பு போட்ட கார்டைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய கார்டு மாட்டுவதென்று முடிவாகி, சனிக்கிழமை பிரவீனே வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுத்தான். நம்பர் அறுபதில் நின்றது. அசையவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஈஸ்வரபாண்டி ஒரு காரியம் செய்தார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் சின்னப்பராஜ் அண்ணனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தார். சின்னப்பராஜ் நிஜ ரயில் ஓட்டியவர். கம்பம் பக்கத்து வேதக்கார ஊரில் பிறந்து, முப்பத்து நாலு வருடம் எஞ்சினில் இருந்து, ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. அவர் வாயால் ஒரு பாராட்டு வாங்கிவிட்டால் கிருபாவதிக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும் என்று கணக்கு.

சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளை வேட்டியில் நேராக வந்துவிட்டார் சின்னப்பராஜ். ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இலை அசைவதையும், தண்டவாளத்தில் வெயில் மினுங்குவதையும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசியையும் அரைமணி நேரம் வருணித்தார் ஈஸ்வரபாண்டி. பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“பிரேக்கு எதுல இருக்கு தம்பி?”

எந்தப் பட்டன் என்று ஈஸ்வரபாண்டிக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. தேடிக் காட்டினார். இத்தனை நாளில் அவர் நிறுத்த வேண்டிய அவசியமே வந்ததில்லை, அதுவாகவே நின்றுகொண்டிருந்தது.

உசிலம்பட்டியில் கிளம்பியது வண்டி. கணவாய் வந்தது. மலை நெருங்கியது. எங்கேயும் ஒரு திக்கல் இல்லை. பாறையெல்லாம் பட்டுத்துணி மாதிரி நகர்ந்து போயிற்று. ஈஸ்வரபாண்டியின் முகம் மலர்ந்தது.

“அறுபதுண்ணே. பாருங்க, கொறையவே இல்ல.”

“மஞ்சள் விழுந்திருக்கு தம்பி” என்றார் சின்னப்பராஜ்.

“அம்பத்தொம்பது ஆச்சு. இந்தா, திரும்ப அறுபது.”

“தம்பி. மஞ்சளு.”

மஞ்சள் சிக்னல் பின்னால் போனது. வளைவு திரும்பியதும் ஆண்டிபட்டிக்கு முன்னால் சிவப்பு நின்றது. ஈஸ்வரபாண்டியின் கண் மூலையை விட்டு இறங்கவில்லை. சின்னப்பராஜ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்; அவருடைய இடது கை, எஞ்சினில் பிரேக் இருந்திருக்கக்கூடிய இடத்தை நோக்கிப் பாய்ந்து, அங்கே இருந்த காபி டம்ளரைத் தட்டிவிட்டது. திரை சாம்பல் நிறமானது. சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டீர்கள், பயணம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

ஈஸ்வரபாண்டி சிரித்தார். இது வெறும் விளையாட்டுதான், ஒரு பட்டனைத் தட்டினால் திரும்ப முதலிலிருந்து வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், பெரியவரின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது இன்னும் அந்த இல்லாத பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி இருந்தது.

“முப்பத்தி நாலு வருசம்” என்றார் சின்னப்பராஜ். “ஒரு நா சிவப்பத் தாண்டுனதில்ல. கூட வேல பாத்த ஒருத்தர் தாண்டுனாரு. அந்த வண்டில ஏறுன சனம்...” துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு நாள் சாப்பிட வருகிறேன் என்று புறப்பட்டார்.

கிருபாவதி தண்ணீரோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கும்போது அண்ணன் அப்படிப் போகக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்தார். ஈஸ்வரபாண்டிக்கு உள்ளே ஏதோ இறங்கியது. ஒரு வருடமாக அந்த அறையில் அவர் நம்பருக்காக மட்டும்தான் வருத்தப்பட்டிருந்தார். இப்போதுதான் முதல் முறையாக ஒரு மனிதருக்காக வருத்தப்பட்டார். மரியாதையாகக் கிட்டே போய் நின்றார்.

“தப்புதாண்ணே. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. கண்ணுதான் அங்கன போய் ஒட்டிக்கிருச்சு” என்று மூலையைக் காட்டினார்.

சின்னப்பராஜ் தண்ணீரைக் குடித்து முடித்தார். “அப்ப அந்த நம்பர எடுத்துருங்க. நானே ஒக்காந்து சொல்லித் தாரேன்.”

எடுப்பது எப்படி என்று தெரிந்தால்தானே! பிரவீனுக்குப் போன் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவன் எடுக்கவில்லை. கிருபாவதி உள்ளே போய், பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்துக்கொண்டுவந்து திரையின் மூலையில் நம்பர்மேல் அழுத்தி ஒட்டினார். அறுபதும் ஐம்பத்தொன்பதும் அதற்குள் அடங்கிப்போயின.

அதன்பிறகு அறையின் அதிகாரம் சின்னப்பராஜ் கைக்குப் போயிற்று. எஞ்சினில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் சிக்னலைப் பார்த்து நிறத்தை வாய்விட்டுச் சொன்னால் மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று சொல்லிக் கிருபாவதியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மழை போட முடியுமா என்று கேட்டார் பெரியவர். ஐப்பசி மழையில் கணவாய் ஏறாதவன் இந்தப் பாதையில் ஓட்டியவன் இல்லையாம். மழை போட்டார்கள். திரையெல்லாம் தண்ணீர். வைப்பர் ஆடியது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி எஞ்சின் வீணாக உறுமியது.

“கூட்டாதீக. கொறைங்க. அது தானா புடிக்கும்” என்றார் பின்னாலிருந்து.

குறைத்தார். பிடித்தது.

“மஞ்சளு” என்றார் கிருபாவதி.

“மஞ்சள்” என்றார் ஈஸ்வரபாண்டி. கைகள் வியர்த்தன, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும்.

ஆண்டிபட்டியில் வண்டி நின்றது. பச்சை விழுந்தது. அதற்குமேல் அவர் கண்டிராத தேசம். தேனி என்று மஞ்சள் பலகை மழையில் நனைந்து வந்தபோது, தினமும் தாண்டிப்போகிற ஸ்டேஷன்தான் என்றாலும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போடியை நெருங்க நெருங்க எதிரே மலை உயர்ந்து திரையை அடைத்தது. சிக்னலைச் சொல்லிச் சொல்லிக் கிருபாவதியின் குரல் கட்டிப்போயிற்று. ஈஸ்வரபாண்டி மெதுவாக, மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதைப் போல வண்டியை நிறுத்தினார்.

சின்னப்பராஜ் எட்டிப் பார்த்தார். “கடசி ரெண்டு பொட்டி பிளாட்பாரத்துக்கு வெளிய நிக்கிது. பரவால்ல. மழக்காலம், சனங்க கொட வச்சிருப்பாக.”

அன்று அந்த வீட்டில் கறிச்சோறு மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். அடிபிடித்திருந்தது, ஆனாலும் சட்டி காலியானது. கிருபாவதி தம்பிக்குப் போன் போட்டு, நீ கடையில் புதுசாகவே ஒன்று பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கதை இங்கேயே நின்றிருந்தால் ஈஸ்வரபாண்டி நம்மைப் போன்ற சாதாரண மனிதர் ஆகியிருப்பார். ஆனால் திங்கட்கிழமை காலையில் குளித்து முடித்துச் சட்டை போட்டவர், அணைக்குக் கிளம்புமுன் அந்த அறைக்குள் நுழைந்தார். நேற்று நிறுத்திய இடத்திலேயே, போடியில், மழையில், ரயில் நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க மனது நிறைந்தது. பிறகு மெரூன் பொட்டைப் பார்த்தார். சும்மா ஒரு ஓரத்தை மட்டும், நகத்தால்.

இருபத்திரண்டு.

உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் நேற்றுக் கணவாயிலும் இருபத்திரண்டுதானா? தேனியிலும்? இருபத்திரண்டில் ஓடிய ரயிலிலா அத்தனை சந்தோஷப்பட்டோம்? வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு ஞானம் பிறந்திருக்கும். ஈஸ்வரபாண்டிக்கு ஆத்திரம்தான் பிறந்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி. பொட்டைப் பழையபடி ஒட்டி, கிருபாவதி கவனிக்காதபடி கதவைச் சாத்தி, அணைக்குப் போகாமல் நேராகப் பிரவீன் கடைக்கு வண்டியைத் திருப்பினார். பிரவீன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

“வெயில்ல ஒண்ணும் இல்ல பிரவீனு. மழை பேஞ்சாத்தான் கொறையுது.”

பொய் சொல்லத் தெரியாத பிரவீன் யோசித்தான். “பிராசசர் பழசு சார். மழைக்கு அது தாங்காது.”

அன்று வைகை அணையின் நீர்மட்டம் பதிவேட்டில் ஏறும்போது மணி பதினொன்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, ரயிலும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது, வெளிச்சம் கொஞ்சம் பத்தவில்லை, நாற்காலிக்கு ஒரு தலையணை இருந்தால் தேவலை, புதுக் கண்ணாடி வந்ததும் நிதானமாக இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடமாவது தோன்றியதா, இல்லையா?

தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியிருந்தால், தலையணையை மட்டும் வாங்காதீர்கள். அது வந்தால் நாற்காலி பத்தாது.