ரெய்க்யவிக்கில் பஃபின் உண்ட அறிக்கை

மோர்டன் தமிழர் நலன்புரி மன்றத்தின் யாப்பில், தலைவர் வெளிநாட்டு உணவகத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஆனால் 1995 கோடையில் உபதலைவர் யோகலிங்கம் ஒஸ்லோவுக்குப் போய்வந்து, அங்கே பனிமான் இறைச்சி சாப்பிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் சனம் தன் கதையை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஒக்ரோபரில் பொதுக்கூட்டம். தலைவர் அம்பலவாணனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கதிரை ஆடத் தொடங்கியது.

உடனே ‘வட ஐரோப்பியத் தலைநகர உணவகப் பண்பாட்டு ஆய்வு உபகுழு’ அமைந்தது. தலைவர் அப்பா. உறுப்பினர் அம்மா. ஒளிப்படப் பிரிவு நான். ஒஸ்லோவை விட வடக்கே இருக்கிறது என்ற ஒரே தகுதியில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் தெரிவானது.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். துறைமுகத்தடியில் ஒரு கடைக்குள் அப்பா கம்பீரமாக நுழைந்து மெனுவை விரித்தார். மீன், ஆடு, திரும்பவும் மீன். பஃபின் என்று ஒரு கடற்பறவை, படத்தோடு. இன்றைக்கு வெள்ளி, சைவம் என்று அம்மா மெல்ல நினைவூட்டினா. உபகுழு எழும்பி வெளியேறியது.

சனிக்கிழமை ஆய்வு தொடர்ந்தது. சின்ன ஊர், குளத்துத் தாராக்கள் எங்களை அடையாளம் காணும் அளவுக்குச் சுற்றினோம். பதினேழு கடைகளின் வாசல் பலகையை அப்பா உரத்து வாசித்தார். உள்ளே போகவில்லை. புரட்டாதிச் சனி.

ஞாயிறு அமாவாசை. அப்பப்பா காலமானவர் என்பதால் அப்பா விரதம் பிடித்தே ஆகவேண்டும். கலண்டரைப் பாராமல் ரிக்கற் எடுத்தது யார் என்ற கேள்வியை உபகுழு ஒத்திவைத்தது.

ஆக மூன்று நாளும் ஹொட்டல் கட்டிலில் பேப்பரை விரித்து, மோர்டனிலிருந்து ஐஸ்கிரீம் பெட்டியில் வந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். விரதத்துக்குப் பழஞ்சாப்பாடு ஆகாது என்ற விதியை அம்மா ஐஸ்லாந்துக்கு மட்டும் தளர்த்தினா.

ஞாயிறு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே வரவேற்பு மேசைக்குப் போய், அங்கிருந்த ரெலிபோனில் எங்கள் அறைக்கு எடுத்து, யோகலிங்கம் மாமாவின் செருமலைப் போட்டேன்.

“க்ஹ்ம்... அண்ணை, யோகலிங்கம் கதைக்கிறன். என்ன சாப்பிட்டனியள்?”

அந்தப் பக்கம் புட்டு விழுங்கும் சத்தம்.

“பஃபின். இப்பவும் அதுதான் சாப்பிடுறன்.”

“ருசி எப்பிடி?”

“எங்கட கோழி மாதிரித்தான். கொஞ்சம் கடல் அடிக்குது.”

“அமாவாசையிலையோ, அண்ணை?”

பேப்பர் கசங்கும் சத்தம்.

“இஞ்ச அமாவாசை நாளைக்குத்தான், தம்பி.”

பொதுக்கூட்டத்தில் அப்பா ஏழு பக்க அறிக்கை வாசித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“சந்தேகமெண்டால் யோகலிங்கத்தைக் கேளுங்கோ. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை ரெலிபோன் எடுத்தவர்.”

மண்டபம் முழுக்கத் திரும்பியது. யோகலிங்கம் மாமா ஆறுதலாக எழும்பி, அப்பாவைப் பார்த்து, தொண்டையைச் செருமினார். நான் செருமியது இதைவிடத் திறம்.

“ஓம், எடுத்தனான். எலும்பு கடிக்கிற சத்தமே கேட்டது.”

பதிலுக்கு அப்பா ஒஸ்லோப் பனிமானை மனதார வழிமொழிந்தார். இருவரும் போட்டியின்றி மீண்டும் தெரிவானார்கள்.

தேத்தண்ணி நேரம் கமலாம்பிகை மாமி என்னைப் பிடித்து, நீயும் சாப்பிட்டனியோ என்று கேட்டா. கால் துண்டு எனக்குத்தான் மாமி, என்றேன்.

அடுத்த ஊர் ஹெல்சிங்கி. உணவக ஆய்வுக்கு முப்பத்தொரு குடும்பங்கள் அந்த இடத்திலேயே பெயர் கொடுத்தன. திகதியில் மட்டும் சின்ன விவாதம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் புதன்கிழமை போய் வியாழன் திரும்பலாம் என்றார், ஒருவரும் ஆமோதிக்கவில்லை. கடைசியில் பஞ்சாங்கத்தை வரவழைத்து, வெள்ளி, புரட்டாதிச் சனி, அமாவாசை மூன்றும் அடுத்தடுத்து வரும் கிழமை எந்த வருடம் வந்தாலும் அதுவரை காத்திருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

நானும் கையை உயர்த்தினேன்.