பனிக்காலத்தில் தோசை கிடையாது

மேற்கு ஜெர்மனியில் அந்த நாளில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில், ஆட்டுக்கல்லை ஏற்றிக்கொண்டு ஓடியது ஒன்றே ஒன்றுதான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அதை ஓட்டியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஹனோவரில் அந்தப் பழைய நாலு மாடி வீட்டில் குடியிருந்த தமிழர்கள் ஏழு பேருக்கும் அவர் ஆட்டுக்கல் அண்ணைதான்.

யாழ்ப்பாணத்துக்காரர். இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாகப் போய் இறங்கியபோது அவர் அங்கே வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் கப்பலில் கம்பளி கொண்டுவருவார்கள். இவர் ஆட்டுக்கல் கொண்டுவந்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைச் சாமி என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிட்டாராம். அப்படியானால் குழவியை என்னவென்று நினைத்தார் என்று கேட்டால் அண்ணை பேச்சை மாற்றிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அறையில் எங்களுக்குத் தோசை. லண்டனிலிருந்து பார்சலில் வந்த உளுந்து, ஹீட்டர் மேல் வைத்துப் புளிக்கவைத்த மாவு. பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில், அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

அதற்கும் வேட்டு வைக்க ஒரு கார் வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, என்ஜின் பின்னால். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் பறக்கும் என்று விற்றவன் சொன்னான். முதல் பனி விழுந்த அன்று அது பேக்கரி வாசலில் மூன்று சுற்றுச் சுற்றி, வீட்டைப் பார்த்து நின்றது. கார் சொல்வதும் நியாயம்தான் என்று அண்ணை திரும்பி வந்துவிட்டார்.

பின்பக்கம் கனம், மூக்கு லேசு, அதனால்தான் பனியில் ஸ்டியரிங் கேட்பதில்லை, முன்பெட்டியில் ஒரு மணல் மூட்டையைப் போடு என்றார் மெக்கானிக். கல் இருக்கும்போது மணல் எதற்கு? ஆட்டுக்கல் குழவியோடு கம்பளி போர்த்திக்கொண்டு காரில் ஏறியது. நவம்பரில் ஏறினால் மார்ச்சில்தான் இறங்கும். அதுவரை தோசை கிடையாது. நாங்கள் தூது போய்ப் பார்த்தோம். தோசை இல்லாமல் ஒருவரும் செத்ததில்லை என்று அனுப்பிவிட்டார்.

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் முன்பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்துவிட்டு இது என்ன என்றார். மாவரைக்கும் இயந்திரம் என்றார் அண்ணை. மோட்டார் எங்கே என்று அவர் கேட்டதும் அண்ணை தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் தானே பெட்டியை மூடிவிட்டு வழி விட்டார்.

இத்தனை கல்லைக் கட்டியும் பனியில் அவர் ஓட்டுவது சைக்கிள் வேகம்தான். ஷூவைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுவார். வெறும் காலுறையோடு மிதித்தால்தான் ரோடு காலுக்குத் தெரியுமாம். கூட உட்கார்ந்திருப்பவர் இருமினால்கூட முறைப்பார்.

ஒரு ஜனவரியில் எனக்குத் தந்தி வந்தது. அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு பிராங்க்பர்ட்டிலிருந்து விமானம். நான் மூத்த பிள்ளை. உயிரோடு இல்லாவிட்டாலும் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் தவித்தேன். பனியில் ரயில்கள் நின்றுவிட்டன. காலை ஆறு மணிக்கு அண்ணை என் கதவைத் தட்டினார். கார் தயாராக இருந்தது.

முந்நூற்றைம்பது கிலோமீட்டர். வைப்பர் தள்ளத் தள்ளப் பனி விழுந்தது. ஹீட்டர் காற்றில் பெட்ரோல் நாற்றம் அடித்ததால் கண்ணாடியை இறக்கிவிட்டு விறைத்துக்கொண்டு போனோம். சின்னச் சின்னக் கார்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, ப்ளீஸ், கொஞ்சம் ஸ்பீடா போங்க. ப்ளைட் போயிடும்."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, வந்த ஒரு தந்தியே காணும். இங்கயிருந்து உங்கட அம்மாவுக்கு இன்னொண்டு போகவேண்டாம்."

காசல் நகரம் தாண்டி ஒரு இறக்கத்தில், சற்று முன் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிய ஆரஞ்சு நிறக் கார் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் பனியில் ஒருவரைப் படுக்கவைத்து, முகத்தைக் கோட்டால் மூடியிருந்தார்கள். அண்ணை பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தார். முன்னால் இருந்த கல் சக்கரத்தை ரோட்டோடு அழுத்திப் பிடிக்க, ஒரு சாண் இடைவெளியில் தாண்டினோம். அதற்குப் பிறகு நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

விமான நிலையம் சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. அண்ணை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

நான் அங்கேயே வெடித்தேன். "உங்களாலதான் எங்கப்பா முகத்தைப் பாக்க முடியாம போச்சு. அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழுங்க." இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அண்ணை தலை குனிந்து நின்றார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். ஷூ காரிலேயே இருந்தது. காலுறை நனைந்து, நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்போதுகூட எனக்கு இரக்கம் வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி கொள்ளி வைத்திருந்தான். நாங்கள் பனியில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டாராம். அம்மாவிடம் அந்தப் பயணத்தைப் பற்றிக் குறையாகத்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன்னைக் கொண்டுவிட்ட பிள்ளை, அந்தப் பனியில தனியா திரும்பிப் போச்சே, நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை.

பிப்ரவரி நடுவில் ஹனோவர் திரும்பினேன். தெருவில் அந்தக் கார் கூரைவரை பனி மூடிக் கிடந்தது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். இரண்டாம் மாடியில் புளித்த மாவு வாசனை வந்தது.

அண்ணையின் கதவு திறந்தே இருந்தது. அறை நடுவில் ஆட்டுக்கல். நான் வரும் நாளை யாரிடமோ விசாரித்து, அதை ஒற்றை ஆளாக மூன்று மாடி தூக்கி வந்திருக்கிறார். இனி மார்ச்வரை கார் நகராது. அண்ணை என்னைப் பார்த்தார். அப்பாவைப் பற்றியும் பேசவில்லை, நான் பேசியதைப் பற்றியும் பேசவில்லை.

"கைகழுவிப்போட்டு வாங்கோ, தம்பி."

அன்று ஏழு தோசை சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு முறை வாயெடுத்தபோதும், அவர் இன்னொரு தோசையைத் தட்டில் போட்டார்.