பறக்கவிடு கட்சிக்காரர்

வாசகரே, மனித குலத்தில் பறக்கவிடு கட்சிக்காரர் என்றோர் இனம் உண்டு. ரொறன்ரோவில் அது செழித்து வளர்கிறது. குளிர் ஒத்துவருகிறது போலும்.

அடையாளம் சொல்கிறேன். கோடை முடிவில் ஏரிக்கு மேலே விமானச் சாகசம் நடக்கும் நாட்களில், பிறந்தநாள் வீடோ, செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் வீடோ, ரோல்ஸ் தட்டும் கையுமாக ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்; "உது பழைய எஞ்சின், சத்தத்திலையே தெரியுது" என்பார்; நூதனசாலைகள் பழைய போர் விமானங்களைப் பறக்கவிட வேண்டுமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்று யாருமே கேட்காத கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தொடங்குவார். பறக்கவிட வேண்டும். அவ்வளவுதான்.

நகருக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் விநாயகமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "எந்திரம் எண்டா ஓடவேணும். ஓடாட்டி இறுகிப்போம்" என்பது அவருடைய வேதம். அவர் வீட்டு நிலவறையிலுள்ள ரெட்மில் என்ற ஓட்ட எந்திரத்தில் வாங்கிய நாள் முதல் தோய்த்த சாரம் காய்கிறது. தெருமுனைத் தபால்பெட்டிக்குக் காரில் போய்வருகிறார். சோபாவின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை, உறையில்லாமல் அதில் இருந்தால் பழுதாகிவிடுமாம். விமானம் ஒன்று தாழப் பறந்தால் மனைவி சந்திரவதனா உடுப்பு மடிக்கவென்று நிலவறைக்கு இறங்குவார். சத்தம் அடங்கிய பிறகுதான் மேலே வருவார்.

வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் அவருடைய கூட்டாளி பஸ்ரியன் நிறுத்திவை கட்சி.

"விழுந்து நொருங்கினா பேந்து எங்க போய் வாங்கிறது, அண்ணை?"

"கண்ணாடிக்குப் பின்னால வைச்சா அது விமானமே? பிரேதம்!"

"அப்ப ஓட்டுறவன்?"

"அவன் சந்தோசமாச் சாவான்."

என்ன பெரிய மனம் பாருங்கள்! ஓட்டுபவனிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? ஏன் கேட்க வேண்டும்?

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கம்: பெற்றோர் சொல்வதை நம்பிவிடுகிறார்கள். நகருக்கு வெளியே ஒரு நூதனசாலையில் உலகப் போர்க்காலத்தில் குண்டு போட்ட பொம்மர் விமானமொன்றில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். மகள் நிலாணி அப்பாவின் பிறந்தநாளுக்கு அதில் ஓர் இருக்கையைப் பதிவுசெய்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினோம். பஸ்ரியன் கூடுதலாகத் தட்டினார்.

குறித்த நாளில் அவர்கள் குடும்பமும் பஸ்ரியனும் நானுமாகப் போய் நின்றோம். எஞ்சின் இருமிப் புகை கக்கியது. விநாயகமூர்த்தியின் முகம் வெளுத்தது.

"பிள்ளை, உதுக்கு என்ன வயசிருக்கும்?"

"அப்பா, யூ செட் இட்! ஓடாட்டி இறுகிப்போம் எண்டு."

"அது சரி... ஆனா மரபுச் சொத்தெல்லே? உப்பிடி ஓட்டித் தேய்க்கக் கூடாது. கண்ணாடிக்குள்ள வைச்சு வடிவாப் பாதுகாக்க வேணும்."

அந்த நிமிடத்தில் பஸ்ரியனின் கட்சிக்குப் புதிய தலைவர் கிடைத்தார். ஏணியடியில் நின்றவர் அவசரப்படுத்தினார். ஏறாவிட்டால் இருக்கையும் போச்சு, மானமும் போச்சு.

சந்திரவதனா தன் கைப்பையைக் கணவரின் கையில் திணித்தார்.

"நான் ஏறுறன்."

"உமக்கென்ன விசரே? பிளேன் சத்தமே ஆகாதே உமக்கு!"

"அதுக்குத்தான். ஊரில பொம்மர் குண்டு போடேக்க பங்கர்க் குழிக்குள்ள கிடந்து கீழ இருந்துதானே பாத்தனான். மேல இருந்தவைக்கு எங்களைத் தெரிஞ்சிருக்குமோ எண்டு பாக்கவேணும்."

அவர் ஏறிவிட்டார்.

விமானம் சுற்றிச் சுற்றிப் பறந்தது. விநாயகமூர்த்தி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, "முருகா, இறக்கு, முருகா, இறக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஓட்டுபவனுக்காகவும் சேர்த்துத்தான் வேண்டினாரா என்று நான் கேட்கவில்லை.

இறங்கி வந்தவரிடம் பஸ்ரியன் மெல்லக் கேட்டார். "என்னக்கா, தெரிஞ்சுதே?"

"ஓம். இந்தாள் என்ர பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டது வடிவாத் தெரிஞ்சுது."

பையை வாங்கி, துடைதாளை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அடுத்த கிழமை டோர்செட் பார்க்கில் ஒரு பிறந்தநாள். விநாயகமூர்த்தி கையில் ரோல்ஸ் தட்டு. "பறக்கவிடத்தான் வேணும். நாங்கள் ஏறிப் பாத்தனாங்கள்."

நாங்கள்!

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? மிக நல்லது. ஆனால் சந்திரவதனா ஏறியபோது மனதுக்குள் கை தட்டினீர்களே, எங்கே இருந்துகொண்டு தட்டினீர்கள்? சோபாவிலா? பொலித்தீன் உறையைக் கழற்றியாயிற்றா?