பெண் பார்க்கப் போய் வாயைத் திறந்த கதை

பதற்றம் சிலருக்குக் கையில் தெரியும், சிலருக்குக் காலில். எனக்குக் கடைவாய்ப் பல்லில். மேலாளர் கூப்பிட்டாலே பற்களை நறநறவென்று கடிப்பேன். (தூக்கத்திலும்தான் என்று பிறகு தெரிந்தது.)

மலேசியாவின் காஹாங் என்ற சிற்றூரில் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம்தான், ஜொகூர் பாருவில் பல் டாக்டர் என் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் சொத்தை விழாதிருக்க வெள்ளைப் பூச்சு ஒன்றைப் பூசியிருந்தார். இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

பெண் வீட்டில் கேள்விகள் ஆரம்பித்தன. சிங்கப்பூர் வேலை நிரந்தரமா, குடிப்பழக்கம் உண்டா. ஒவ்வொரு கேள்விக்கும் பல்லைக் கடித்தேன். நடுவில் முறுக்கையும் கடித்தேன். 'டக்' என்றது. அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதோ தட்டில் விழுந்தது.

பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்தார். "தம்பி, அது பல்லா?"

"முறுக்குல கல்லு கிடந்துச்சோ?" என்று அவர் மனைவி கலங்கிப்போனார்.

"பல்செட்டு போல லா. வயசைக் குறைச்சுச் சொல்லிட்டாங்களோ?" என்று பெண்ணின் அத்தை ரகசியம் பேசினார். (அந்த ரகசியத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.)

"இல்ல ஆன்ட்டி, பல்லு மேல போட்ட பூச்சு பேர்ந்துருச்சு," என்றேன்.

"பல்லுக்குமா பெயிண்ட் அடிக்கிறாங்க?" என்றார் அத்தை.

என் அம்மா கிளம்புவதற்குக் கைப்பையை எடுத்துவிட்டார். பெண், பவானி, அப்போதுதான் எழுந்து வந்தாள். பக்கத்து ஊரான குளுவாங்கில் பல் மருத்துவத் தாதி. கைபேசி விளக்கைப் போட்டு, "வாயைத் திறங்க," என்றாள். இரண்டு குடும்பமும் பார்க்க, சந்தைக்கு வந்த மாடு மாதிரி திறந்தேன். கடித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"சொந்தப் பல்லுதான்," என்று முதலில் அத்தையிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "இந்த ஒரு பல்லுதான் முதல்ல போய் மேல்பல்லுல இடிக்குது. கடிக்கிற அழுத்தமெல்லாம் இதுமேலயே விழுந்தா பூச்சு எப்படி நிக்கும்? பல்லெல்லாம் தேஞ்சிருக்கு, தூக்கத்துல கடிக்கிறீங்க. காலையில தலைவலி வருமா?"

வரும். வருஷக்கணக்காக வரும். கண்ணாடியை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், மாத்திரையை மாற்றினேன். பல்லைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவிலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுவாரம் பல் டாக்டரும் அதையே சொன்னார். இடித்த இடத்தை லேசாக இழைத்து, புதுப் பூச்சுப் போட்டு, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறையும் செய்து கொடுத்தார். பூச்சு நின்றது. தலைவலி போயிற்று. இன்றும் தெளிந்த தலையோடு எழுந்ததும் பக்கத்தில் இருக்கும் பவானிக்கு நன்றி சொல்கிறேன். (வாயில் உறை இருப்பதால் அவளுக்கு அது வேறு ஏதோவாகக் கேட்கிறது.)

மாமனார் மட்டும் எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை வெறுமனே மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்துவதில்லை. தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்வார்: "எல்லாரும் ஜாதகத்தைப் பார்த்துப் பொண்ணு குடுப்பாங்க. நாங்க வாயைப் பார்த்துக் குடுத்தோம் லா."