பயனாளியாகத் தகுதியில்லாத தம்பி

வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் துணையாளராகப் பணியாற்ற விரும்புவோருக்கு அரசு நடத்தும் பயிற்சியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. அவள் வீட்டிலேயே அப்படி ஒரு தம்பி இருந்தான். ஆளுயரம் வளர்ந்தவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், பேச்சு கொஞ்சம் இழுக்கும். ரொட்டிக் கடையில் பெட்டி அடுக்கும் வேலைக்குத் தானே நடந்து போய் வருவான். அவனோடு வளர்ந்தவளுக்கு, இதையே முறையாகக் கற்றுத் தொழிலாக்கிக்கொள்ள ஆசை.

முதல் வாரம் முழுக்க, அவர்களை என்னவென்று அழைப்பது என்ற பாடம் நடந்தது. திங்களன்று 'பயனாளி' என்றார்கள். புதனன்று அது மனதைப் புண்படுத்தும் என்று 'பயனாளர்' ஆக்கினார்கள். வெள்ளியன்று சுற்றறிக்கை வந்து 'சக பயணி' ஆயிற்று. பெயர் அடிபட்டதே தவிர, ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

அக்கா எழுந்து அதைக் கேட்டாள். பயிற்சி முடிக்காதவர்கள் சக பயணிகளை நெருங்குவது விதிகளுக்குப் புறம்பானது என்று பயிற்சியை நடத்திய துணை இயக்குநர் விளக்கினார். அதற்காகச் செய்முறைப் பாடம் நின்றுவிடக் கூடாதே. தாமே சக பயணியாக நடிக்கப் பெருந்தன்மையோடு முன்வந்தார்.

நடிப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. வகுப்பே சுற்றி நின்று, டீயா காபியா என்று கனிவாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தது. ஷூ மாட்டிவிட்டது. எழுந்து நின்றதற்கெல்லாம் பாராட்டியது. வேலையில் சேர்ந்த நாள் முதல் அவரை யாரும் இப்படித் தாங்கியதில்லை. விஷயம் கசிந்து, மறு வாரமே இணை இயக்குநரும் கணக்கு அதிகாரியும் பக்கத்து நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். கையெழுத்து கேட்டு வந்தவர்களிடம், சுயமாக முடிவெடுக்கத் தங்களுக்குத் துணை வேண்டும் என்று தெரிவித்தார்கள். அலுவலகத்தில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தம்பியைக் கையோடு கூட்டிப் போனாள். அவனுக்கும் பார்க்க ஆசைதான். துணை இயக்குநர் நாற்காலியில் இருந்தபடியே அவனைச் சோதித்தார்.

"டீ வேணுமா, காபி வேணுமா?"

"ரெண்டும் வேண்டாம். குடிச்சிட்டுதான் வந்தேன்."

"இங்க உங்களுக்குச் சிரமமா இருக்கா?"

"புழுங்குது," என்றவன், எழுந்து போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

துணை இயக்குநர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? தயக்கமே இல்ல. யாரும் தூண்டாமலே காரியம் பண்றார். புத்தகத்துல சொன்ன எதுவும் இவருக்குப் பொருந்தல. செய்முறைக்கு இவர் லாயக்குப்பட மாட்டார்."

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அக்காவின் பேனா மட்டும் நின்றது. தேர்வுக்கு இது கட்டாயம் வரும் என்று பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடிக்க, அவளும் குனிந்து எழுதிக்கொண்டாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேர்வில் அது வந்தது. அக்கா முதல் வகுப்பில் தேறினாள்.

மறுநாள் காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அக்கா ஓடி வந்து அவன் எதிரே நின்றாள். குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "பொத்தானை மேலேருந்து போடலாமா, கீழேருந்து போடலாமா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் பிறந்தது முதல் அவள் அவனை 'டா' போட்டே கூப்பிட்டவள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, போட்டு முடித்திருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். கடைக்கு நேரமாகிறதே என்று அம்மா உள்ளேயிருந்து பதறினாள்.

"இரும்மா," என்றான் தம்பி. "அக்கா இப்பதான் பாஸ் பண்ணியிருக்கா. நாமதான் கொஞ்சம் ஒத்துழைக்கணும்."