அய்யாக்குட்டி போட்ட கேஸ்

ஏலே, எல்லாரும் உக்காருங்க. வாய மூடுங்க. ஏளா, அங்கன என்ன முணுமுணுப்பு? நம்ம அய்யாக்குட்டி கேஸ வக்கீலம்மா எட போட்ட கதையச் சொல்லப்போறேன்.

ஹார்பர் வாசல்ல டீக்கடை வச்சிருக்கானே, அவனேதான். வாயா அது? கப்பல் சங்கு மாதிரி ஊதுவான், கேப்டன் மாதிரி இருமுவான். கடையே சிரிக்கும். பொண்டாட்டி செண்பகம் மட்டும் சிரிக்க மாட்டா. அந்தக் கோவத்துல விவாகரத்து கேஸே போட்டுட்டான். சும்மா மிரட்டத்தான். அழுதுகிட்டு வந்து நிப்பா, சேந்துக்கிடலாம்னு நெனப்பு.

செண்பகம் நோட்டீஸப் பாத்தா. "சரி"ன்னா. பெட்டியத் தூக்கிட்டு ஸ்ரீவைகுண்டத்துல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.

அய்யாக்குட்டி இத எதிர்பாக்கல. அடுப்புல பாலு பொங்கி வழியுது, பாத்துகிட்டே நிக்கான். அவ இல்லாம வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல. கேஸ வாபஸ் வாங்கலாம்லா? மானம் போயிரும்லா!

அப்பத்தான் கோர்ட்டுல சொன்னாவ: "விசாரணைக்கு முன்னால ரெண்டு பேரும் உமாராணி மேடத்தப் பாருங்க. யாரு பக்கமும் சேராத வக்கீலு. கேஸ் நிக்குமா நிக்காதான்னு பட்டுனு சொல்லிருவாங்க. தீர்ப்பு இல்ல, அபிப்பிராயந்தான்."

அய்யாக்குட்டி துள்ளுதான். நிக்காத காரணமா பாத்துச் சொல்லிருவோம். மேடமே 'போய் சேந்து வாழுங்க'ம்பாங்க. மானமும் தப்பும், பொண்டாட்டியும் வந்துருவா!

மேசைக்கு இந்தப் பக்கம் இவன். அந்தப் பக்கம் செண்பகம்.

"சொல்லுங்க, அவங்க என்ன கொடும பண்ணாங்க?"

"நான் பேசிக்காட்டுனா சிரிக்க மாட்டேங்கா மேடம்."

"யாரு மாதிரி?"

"அவ அம்மா மாதிரி. அச்சு அசலா இருக்கும்!"

"எங்க வச்சு?"

"அவங்க செத்த வீட்டுல."

மேடம் பேனாவக் கீழ வச்சாங்க. "அப்பொறம்?"

"விடியக்காலம் அவ காதுல கப்பல் சங்கு ஊதுவேன். ரசிக்க மாட்டா. காய்ச்சல்ல கெடக்கும்போது ஊதுனேன், அப்பயும் மொறைக்கா!"

"வேற?"

"அவ நடக்குறத கடையில நடந்து காட்டுவேன். எல்லாரும் கைதட்டுதாவ. இவ முந்தானைய வாயில வச்சுகிட்டு உள்ள போயிருதா."

மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "அய்யாக்குட்டி, ஒங்க கேஸ் கோர்ட்டுல ஒரு நிமிசம் நிக்காது."

"நிக்காதுல்லா? நீங்க சொன்னா சரிதான் மேடம்!" துள்ளி எந்திரிச்சுட்டான். "ஏளா செண்பகம், கேட்டியா? எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

செண்பகம் அசையல. மேடத்தப் பாத்து மெள்ளக் கேட்டா:

"இவிய போட்டா நிக்காது, சரி. இவிய சொன்னதையே நான் போட்டா நிக்குமா மேடம்?"